முருங்கைக் கீரையில் நான் போட்டது

செல்வம், போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட இரண்டுக்கும் சேர்த்து இதில் பதில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்டது சமையல். பவித்ராவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, வேலைக்குப் போய் வந்து அவளால் அடுப்படியில் நிற்க முடியவில்லை, இனிமேல் நான்தான் சமைக்கப் போகிறேன், சீக்கிரம் முடிகிற மாதிரியும் உடம்புக்கு நல்லதாகவும் நாலைந்து சொல்லும்மா என்றாய். போனில் சொன்னால் நடுநடுவே "கொஞ்சம் உப்புன்னா எவ்ளோம்மா?" என்று நீ கேட்பாய், எனக்குக் கோபம் வரும். பத்தாவது வரை படித்தவள் நான், எழுத வராமல் இல்லை. இரண்டாவது நீ கேட்டது, குழந்தை பிறந்ததும் நான் ஆவடிக்கு வந்து உங்களோடேயே இருந்து அடுப்படியையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது. அதற்கு "பாக்கலாம்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை உன் நைனாவிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். எனக்கு வர ஆசைதான். ஆனால் வருவதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அதுவும் சமையல் விஷயம்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதுகிறேன். கடைசி வரை படி.

சமையலில் நான் உனக்குச் சொல்வது முதலில் ஒன்றுதான். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அன்றைக்குப் போடப்போகிற எல்லாமே ஒரு தட்டில் இருக்க வேண்டும். வெங்காயம் நறுக்கியது, தக்காளி நறுக்கியது, உரித்த பூண்டு, புளித் தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, எல்லாம். எண்ணெயைக் காயவைத்துவிட்டு வெங்காயத்தைத் தேடுகிறவன்தான் அரை மணி நேரச் சமையலை ஒன்றரை மணி நேரம் சமைப்பான். தட்டு தயாராக இருந்தால் கிழங்கான் மீன் குழம்பு இருபது நிமிஷம்தான். ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெந்தயம், பூண்டு, வெங்காயம், அதன் மேல் இரண்டு தக்காளி. தக்காளி கரைந்ததும் தூளைப் போட்டு, நெல்லிக்காய் அளவு புளியை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊற்று. நாலைந்து வெண்டைக்காயையும் முழுசாகப் போடு. தளதளவென்று கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு மீனைப் போட்டு, ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடு. கரண்டி போட்டுக் கிளறாதே, சட்டியைப் பிடித்து ஒரு சுற்று சுற்று. தேங்காய் வேண்டாம். குழம்பு தண்ணியாக இருக்கிறதே என்று பயப்படாதே. ஆறினால் கெட்டிப்படும், மறுநாள் காலையில் இன்னும் நன்றாக இருக்கும்.

வேலை நாளில் அதற்கும் நேரம் இல்லையென்றால் ஒரே குக்கரில் முடித்துக்கொள். அடியில் பாசிப்பருப்பு, தக்காளி, பூண்டு, கைப்பிடி கீரை, மஞ்சள்தூள், மூழ்குகிற அளவு தண்ணீர். அதற்கு மேல் கிண்ணத்தில் அரிசியும் அதற்கு வேண்டிய தண்ணீரும். மூன்று விசில். பருப்பைக் கடைந்து, சீரகமும் ஒரு மிளகாயும் தாளித்தால் தீர்ந்தது. தோசை மாவு புளித்துப்போய் கால் பாத்திரம் மிஞ்சியிருந்தால் கொட்டாதே. அதில் இரண்டு கை கேழ்வரகு மாவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், துருவிய கேரட், முருங்கைக் கீரை எல்லாம் போட்டுக் கெட்டியாகக் கரைத்து, கல்லில் கொஞ்சம் கனமாக ஊற்றி மூடிவை. பவித்ராவுக்கு ரத்தம் குறைவு என்று சொன்னாயே, அவளுக்கு வாரம் மூன்று நாள் அந்த அடையைக் கொடு. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தாதே, அடை மாத்திரை ஆகாது.

இப்படியெல்லாம் சுருக்கமாகவும் எண்ணெய் குறைவாகவும் சமைக்கிறவள் இல்லை நான். உனக்குத் தெரியும். நீ இங்கே இருந்தவரை நம் வீட்டில் கருவாடு இல்லாத நாள் கிடையாது, குழம்பின் மேல் எண்ணெய் ஒரு விரற்கடை உயரத்துக்கு மிதக்க வேண்டும். நான் மாறியது எந்த டாக்டர் சொல்லியும் இல்லை. பவித்ராவால் மாறினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கல்யாணமாகி அவளை நீ முதல் தடவை நம் குப்பத்துக்குக் கூட்டிவந்தபோது, லீவு முடிந்ததென்று நீ திங்கட்கிழமை கிளம்பிப் போனாய். அவள் வாரக் கடைசி வரை என்னோடு இருக்கட்டும் என்று விட்டுப்போனாய். வந்த அன்றைக்கே அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். "அத்தை, மீன் எல்லாம் சாப்பிடுவேன். இறாலும் நண்டும் மட்டும் எனக்கு ஒத்துக்காது. சின்ன வயசுல ஒருவாட்டி சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சிப் போச்சி." முகத்தைப் பார்த்து மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

நான் யார் என்று யோசித்துப் பார். முட்டளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவள். அந்த இறாலில்தான் நீ வளர்ந்தாய், படித்தாய். என் மருமகள் வாசலில் வந்து நின்று இறால் ஆகாது என்றால், நான் ஆகாது என்று சொன்ன மாதிரி இருந்தது. அதற்கு ஒரு காரணமும் என்னிடம் இருந்தது. உன் கல்யாணப் பந்தியில் அவள் வீட்டுச் சொந்தத்தில் ஒரு அம்மா, என் பக்கத்தில் இலை போட்டதும், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். நான் அன்றைக்குப் புதுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. உள்ளே வைத்திருந்தேன். அந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பதிலை நான் இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன்.

இரண்டு நாள் அவளுக்கு மீன்தான் செய்து போட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க, மீன் இறங்குகிற தொண்டையில் இறால் மட்டும் எப்படி இறங்காமல் போகும் என்று தோன்றியது. பழக்கமில்லை, அவ்வளவுதான், தெரியாமல் ஒருநாள் உள்ளே போனால் பயம் தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை முருங்கைக் கீரை பொரித்தேன். காய்ந்த கூனி இறாலை வெறும் சட்டியில் வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்துப் பொடித்து, கீரையில் இரண்டு ஸ்பூன் தூவினேன். செல்வம், தெரிந்து தூவினேன். சட்டி மாறவில்லை, கரண்டி மாறவில்லை. உன்னிடம் ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய்.

அவள் சாப்பிட்டுவிட்டு, "கீரை நல்லா இருக்குது அத்தை, இன்னா போட்டீங்க?" என்று கேட்டாள். "வேர்க்கடலை" என்றேன். இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள். எனக்கு மனசுக்குள் ஜெயித்த மாதிரி இருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவள் கழுத்தைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தாள். உதடு தடித்திருந்தது. "அத்தை, தொண்டை ஒரு மாதிரி இருக்குது" என்றாள், குரல் அவள் குரலாகவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு விசில் மாதிரி வந்தது.

உன் நைனா தைத்துக்கொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவளைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார், ஏரியைத் தாண்டினால்தானே நமக்கு ஆஸ்பத்திரி. ஏரியில் தண்ணீர் குறைந்திருந்த மாதம் அது. பாதி வழியில் படகு தரை தட்டியது. அவர் குதித்து நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். நான் அவளை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தேன். அவள் என் கையை இறுக்கிக்கொண்டு, "அத்தை, என்னை விடாதீங்க" என்றாள். அவளுக்கு விஷத்தைப் போட்டவள் கையையே பிடித்துக்கொண்டு அப்படிச் சொன்னாள். ஏரி எனக்குப் பழக்கமான ஏரிதான். அன்றைக்கு அந்தக் கரை கிட்டவே வரவில்லை.

பழவேற்காட்டில் கரையேறி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "இன்னா சாப்பிட்டாங்க?" என்பது.  உன் நைனா என் முகத்தைப் பார்த்தார். "கூனி இறால் பொடி. கீரையில போட்டேன்" என்றேன். உடனே தொடையில் ஊசி போட்டார்கள், முகத்தில் காற்றுக் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஆனால் சாயங்காலம் நீ ஓடிவந்தபோது, இறால் வறுத்த சட்டியில் தெரியாமல் கீரையைத் தாளித்துவிட்டேன் என்று உன்னிடம் அழுதேன். "அழாதம்மா, நீ வேணும்னா பண்ணே?" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். நான் அந்த டீயை வாங்கிக் குடித்தேன்.

நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது பவித்ராவும் நானும் மட்டும் இருந்தோம். அவள் கண்ணைத் திறந்து, "அத்தை, தெரிஞ்சுதான போட்டீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "நான்தான் சொன்னேனே. ஏன் நம்பலை?" பந்தியில் நடந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அவங்க பண்ணது தப்பு. அதுக்கும் என் உடம்புக்கும் இன்னா அத்தை?" என்றாள்.  பிறகு அவள் சொன்னதுதான் இரண்டு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. "அவர்கிட்ட நான் சொல்லப் போறதில்லை. அது நீங்க சொல்ல வேண்டியது." அவள் இத்தனை நாள் உன்னிடம் மறைத்தாள் என்று அவள்மேல் கோபப்படாதே. மறைத்தவள் நான். அவள் எனக்கு நேரம் கொடுத்தாள், நான் அதை இழுத்தடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உன் நைனா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வலை தைத்துக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னார். "ஏரியில எறங்கினா அடியில இன்னா கீதுன்னு தடவிப் பாக்காம காலை ஊன மாட்டே நீ. அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து சொல்லிச்சே, அப்புறமும் ஊனிட்டியே." அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அந்த வருஷம் ஆடிக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தபோது அவள் பையில் ஒரு பிரெட் பாக்கெட்டும் வாழைப்பழமும் இருந்தன. வயிறு சரியில்லை என்று உன்னிடம் சொல்லி, இரண்டு நாளும் அதையே சாப்பிட்டாள். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் சோறு பரிமாறுகிற இடத்தில் என் மருமகள் பிரெட்டைப் பிய்த்துத் தின்றாள். யார் திட்டியிருந்தாலும் எனக்கு அப்படி வலித்திருக்காது. நீங்கள் போன அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். இறால், நண்டு, கூனி எல்லாவற்றையும் பின்பக்கம் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அதற்கென்று பழைய சட்டி, பழைய கரண்டி, தனி எண்ணெய். உள்ளே புதுச் சட்டி, புது அரிவாள்மனை, மிக்சிக்குப் புது ஜார். இறாலைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே வருவதில்லை. அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். "இன்னா, மடி ஆச்சாரம் ஆயிட்டியா?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதோடு விடவில்லை. இறால் தொக்கு என்றால் இந்தக் குப்பத்தில் என் கைதான். அந்தக் கைக்கு இறால் இல்லாமல் என்ன வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன். முதலில் வாழைப்பூவில் செய்தேன். பூவுக்கு நடுவில் இருக்கிற நரம்பை எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். உன் நைனா ஒரு வாய் வைத்துவிட்டு, "மருந்து கணக்கா கீது" என்றார். அடுத்து பொன்னேரியிலிருந்து காளான் வாங்கிவரச் சொன்னேன். சின்ன வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள், எல்லாம் இறாலுக்குப் போடுகிற அதே கணக்கு. எடுத்த எடுப்பில் காளானை மசாலாவில் போட்டால் தண்ணீர் விட்டு வழவழத்துப் போகும். முதலில் வெறும் சட்டியில், பெரிய தீயில் அதன் தண்ணீரைச் சுண்டவிடு. பிறகு மசாலாவில் போட்டு, இறக்கும்போது மிளகைத் தட்டிப் போடு. பத்து நிமிஷம். அதை நைனா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொங்கலுக்கு உன்னோடு அவள் வந்தாள். நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, "பவித்ரா, நான் சமைக்கச்சே நீ பக்கத்துல நில்லு. உள்ள போறது ஒவ்வொண்ணையும் பாரு. பிடிச்சா சாப்பிடு, இல்லைன்னா பிரெட்டே சாப்பிடு" என்றேன். "சரி அத்தை, நிக்கிறேன்" என்றாள். அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் முதலிலேயே தட்டில் எடுத்து வைத்தேன். அவளை ரொம்ப நேரம் நிற்க வைக்கக் கூடாதே என்றுதான் சீக்கிரம் ஆகிற மாதிரி செய்தேன். பொடி, கிடி என்று மறைவாக எதுவும் வேண்டாம் என்றுதான் குறைவாகப் போட்டேன். மடவை மீனைக் கழுவிக் கீறி, கொத்தமல்லித் தழை, பச்சைமிளகாய், பூண்டு, மிளகு, ஒரு துண்டு தேங்காய், உப்பு, மஞ்சள், எலுமிச்சை எல்லாம் அரைத்துப் பூசி, வாழையிலையில் மடித்து, இட்லிக் குண்டானில் கால் மணி நேரம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தவள் நிறுத்தினாள். எனக்குப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. "உப்பு ஒரு கல்லு கம்மி அத்தை" என்றாள். அப்புறம் சாப்பிட்டு முடித்தாள். அன்றைக்கு உங்கள் இரண்டு பேர் சிரிப்பும் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கொட்டகையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

அதிலிருந்து வந்ததுதான் என் இப்போதைய சமையல். உன் நைனாவுக்குக் கருவாடு வாரம் ஒருநாள் என்று ஆனதில் பிரஷர் மாத்திரையை டாக்டரே ஒன்று குறைத்திருக்கிறார். எனக்கும் முன்போல் கரை மேடு ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அந்த முருங்கைக் கீரையையும் விடவில்லை. இப்போது நிஜமாகவே வேர்க்கடலைதான் போடுகிறேன். வறுத்த கடலை இரண்டு கை, காய்ந்த மிளகாய் மூன்று, பூண்டு நாலு பல், ஒன்றிரண்டாகப் பொடி. கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெயில், தண்ணீர் தெளித்து, மூடாமல் வதக்கு. அடுப்பை அணைத்த பிறகு பொடியைத் தூவு. இதை எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனையாக நினைத்துத் தொடங்கினேன். ருசியில் கூனியை விட ஒரு படி மேல் என்று இப்போது சொல்வேன். நாற்பது வருஷம் கூனி போட்டவள் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், வரப்போகிற குழந்தைக்கும் அம்மா உடம்பு மாதிரி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதை எப்போது கொடுப்பது என்று டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாய் பேசாத குழந்தையை ஒருத்தி கையில் விடுகிறாய் என்றால், அந்தக் கை ஒரு தடவை என்ன செய்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் நீ கொடுக்கிற நம்பிக்கையை வாங்கிக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை. மற்றபடி என் சமையலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இன்றைக்கு இந்தக் கரையில் என்னை விடச் சுத்தமாக, கவனமாக ஒருத்தி சமைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அதை எவ்வளவு பெரிய விலைக்குக் கற்றேன் என்பதையும் மறக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் பவித்ராவுக்குப் போன் செய்து, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.  "கோவப்படுவார் அத்தை. உங்க மேல மட்டுமில்ல, என் மேலயும்" என்றாள். "படட்டும்" என்றேன். "நீங்க வந்தா எனக்கு நிம்மதிதான். அதையும் எழுதிடுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு. நைனாவை நடுவில் பேசச் சொல்ல மாட்டேன். அவருக்கும் இப்போது சோறு வடித்து ரசம் வைக்கத் தெரியும், நான் இங்கே இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்வார், அதனால் அதை ஒரு சாக்காகச் சொல்ல எனக்கு வழியில்லை. என் துணிகளை மடித்து வைத்திருக்கிறேன். ஆனால் பவித்ரா கூப்பிட்டு நான் வரமாட்டேன். அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். நீ படித்துவிட்டு, யோசித்துவிட்டு, நீயே கூப்பிட்டால் வருகிறேன்.

அம்மா